பாதி இறங்கிய ஷட்டர்

போன வாரம் சேத்தியாத்தோப்பில் ஒரு வளைகாப்பு. முடித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். விருத்தாசலம் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் சீட்டை விட்டு எழுந்துவிட்டேன். இரண்டு பக்கமும் எல்லாக் கடைகளிலும் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் வர்த்தகர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால், ஊர்வலம் தாண்டிப் போகும்வரை எல்லோரும் ஷட்டரைப் பாதி இறக்கி வைப்பார்கள். ஜவுளிக்கடை முதலாளிக்கும் அதே மரியாதைதான், பெட்டிக்கடைக்காரருக்கும் அதேதான்.

என் மகள் வெண்ணிலாவும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர். பீங்கான் பொம்மைகள் செய்து அதே கடைத்தெருவில் விற்கிறாள். முந்தின நாள் மூட்டிய சூளையைப் பார்க்க, காலையில் டீ கூடக் குடிக்காமல் ஓடியிருந்தாள்.

செல்போனில் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

"யாரு தவறிட்டாங்க?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"தெரியலம்மா. போன ட்ரிப்புலயே இப்படித்தான் இருந்திச்சு. ஏதோ பீங்கான் கம்பெனி சமாச்சாரம்னாங்க."

அப்புறம் எப்படி இறங்கினேன், எப்படி நடந்தேன்... நினைவில்லை. அவள் கடை ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. களிமண் காய்ந்து வெளுத்த கால்கள். நான் பெற்ற கால்கள்.

குனிந்து உள்ளே போனேன். "யாருடி போயிட்டது?"

"கரண்டும்மா."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பீங்கான் கம்பெனிகள் வரை நிறுத்திப்போட்ட மின்வெட்டை எதிர்த்துச் சங்கம் எடுத்த முடிவாம். முழுசாக மூடினால் ஒரு நாள் வியாபாரம் போய்விடும், பாதி இறக்கினால் எதிர்ப்பும் ஆச்சு, வியாபாரமும் ஆச்சு! எல்லோரும் கை தட்டியிருக்கிறார்கள். இந்த ஊரில் பாதி ஷட்டருக்கு என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மின்வாரிய ஜீப்பில் வந்த அதிகாரி ஒருவர் வண்டியை நிறுத்தி, "ரொம்ப வேண்டியவங்களா?" என்று துக்கமாக விசாரித்தாராம். சங்கச் செயலாளர் பதற்றத்தில் "ஆமாங்க" என்றுவிட்டாராம். அவரும் தலையைக் குனிந்தபடி போய்விட்டார்.

"அவரு கேட்டதுல தப்பில்லம்மா" என்றாள் வெண்ணிலா. கரண்டு போய், சூளைக்குக் காற்றடிக்கும் மோட்டார் நின்று, உள்ளே இருந்த பொம்மைகள் எல்லாம் விரிசல் விட்டிருந்தன. சார்ஜ் இல்லாமல் செல்போனும் போய்விட்டது.

மகள் உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியில், அந்தப் பொம்மைகளை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வருத்தம் பிறகுதான் வந்தது. ஒருவர் செத்தால் எப்படித் துணை நிற்பது என்று எங்கள் சங்கத்துக்கு நன்றாகத் தெரியும். பிழைத்துக் கிடப்பவர்களுக்கு?

சாயந்திரம் தெரு முழுக்க ஷட்டர்கள் மேலே ஏறின. வெண்ணிலா கடையில் மட்டும் இன்றுவரை ஏறவில்லை. அடுத்த சூளைக்கு மண் பிசையவும் இல்லை.

நேற்று கேட்டேவிட்டேன். "ஏன்டி இன்னும் ஏத்தாம வச்சிருக்க?"

"முழுசா மூட மனசு வரலம்மா."