ஆமோதிக்க ஓர் ஆள்

சங்கக் கூட்டம் அறிவிக்க வழக்கமாக வரும் அதே ஓட்டோதான் அன்று காலையும் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. அதன் ஒலிபெருக்கியில் எப்போதும் நிரோஜா அக்காவின் குரல்தான் கேட்கும். "இளைஞர், யுவதிகள் கட்டாயம் வாங்க, வந்து பின்னுக்கு ஒளியாதீங்க" என்பார். அன்று கேட்டது ஓர் ஆணின் குரல். காலமானார் என்று அந்தக் குரல் சொன்ன பெயர் நிரோஜா அக்காவுடையது. காய்ச்சல் என்று டவுன் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வந்துவிடுவார் என்றே நினைத்திருந்தோம். தைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சட்டையை மெசினிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். ஓட்டோ அடுத்த ஒழுங்கைக்குத் திரும்பிவிட்டது.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலர் அவரை என்னைவிட அதிக காலம் அறிந்தவர்கள். எனக்குப் பேச வராது. எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

வெளியூரில் இருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் படுவான்கரையில். பெரிய பள்ளிக்கூடம் வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில். நடுவில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் தட்டைப் படகை நாங்கள் பாதை என்போம். பின்னேர வகுப்பு முடியுமுன் கடைசிப் பாதை போய்விடும். விட்டால் பாலத்தால் சுற்றி, இருட்டிய பிறகுதான் வீடு வரலாம். அம்மா பயந்தார். தரம் பத்தோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். என்னைப் போல நின்றவர்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள்.

பின்னேரம் இன்னொரு முறை பாதை ஓட வேண்டும் என்று பிரதேச சபையைக் கேட்க நிரோஜா அக்கா விரும்பினார். அதற்குக் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் தீர்மானம் வேண்டும். ஒருவர் பிரேரித்தால் இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் ஆமோதிப்பவர் பிரேரித்தவரோடு எழுவான்கரையில் இருக்கும் சபைக் கந்தோருக்கும் போக வேண்டும் என்பது வழக்கம். ஒரு நாள் வேலை போய்விடும். அதனால், "ஆமோதிக்கிற ஆள் ஆரு?" என்று தலைவர் கேட்டதும் எல்லோரும் நிலத்தைப் பார்ப்பார்கள்.

ஒருமுறை நிரோஜா அக்கா என்னையும் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அவர் தீர்மானத்தைச் சொன்னதும் தலைவர் சிரித்தார்.

"பின்னேரம் பாதை ஏன் புள்ள? மாப்பிள்ளைய ஏத்தி வரவா?"

"மாப்பிள்ளை நீந்தி வருவான் மாமா. படிக்கிற புள்ளையளுக்குத்தான் பாதை வேணும்."

மண்டபம் சிரித்து ஓய்ந்தது. ஆமோதிக்க ஆளில்லை. நிரோஜா அக்கா திரும்பி, கதவடியில் இருந்த என்னைப் பார்த்தார். நான் எழும்பி ஏதோ சொன்னேன்.

"என்ன சத்தம் அது, பூனையா?" என்றார் தலைவர்.

"இன்னும் எள்ளுப்போல சத்தமாச் சொல்லுகா," என்றார் நிரோஜா அக்கா.

"நான் ஆமோதிக்கிறன்," என்றேன்.

இருவரும் கந்தோருக்குப் போனோம். காலையிலிருந்து மர வாங்கில் இருத்தி வைத்தார்கள். பிறகு ஓர் உத்தியோகத்தர் கூப்பிட்டு, "பெரியாக்கள் ஒருத்தரும் வரல்லையா?" என்று கேட்டார். "நாங்க வந்திருக்கிறம்தானே ஐயா," என்றார் நிரோஜா அக்கா. பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் துறைக்கு ஓடி வந்தபோது கடைசிப் பாதை நடு வாவியில் போய்க்கொண்டிருந்தது. நான் அழுதேன். அவர் சிரித்தார். "நாம சொன்னது பொய்யில்ல எண்டு நமக்கே காட்டிப்போட்டாங்க, பாத்தியா?" பாலத்தால் சுற்றி வீடு வந்து அம்மாவிடம் நான் வாங்கிய ஏச்சு வேறு கதை.

பாதை ஓட்டம் கூடவில்லை. மறுகா மறுகாப் போனோம். ஒவ்வொரு முறையும் பார்ப்போம் என்றார்கள். கூட்டத்துக்கு வந்த பொடியன்களும் ஒருவர் பின் ஒருவராகக் கட்டாருக்கும் கொழும்புக்கும் போனார்கள். அக்கா அவர்களைக் குறை சொன்னதில்லை. "போறவன் போகட்டும். போக முதல் ஒருக்காக் கைய உயத்திப்போட்டுப் போகட்டும்," என்பார். உயர்த்தாமலே போனார்கள்.

அவருக்கு வந்தது எலிக்காய்ச்சல். அதற்கும் பாதைக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் இருந்திருந்தால் ஊர் ஒருவேளை எழும்பியிருக்கும்.

சென்ற கூட்டத்தில் அவருக்கு அனுதாபத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தலைவரே பிரேரித்தார். அவர் கேட்டு முடிக்கும் முன்பே மண்டபம் முழுக்கக் கைகள் உயர்ந்தன. ஆமோதிக்க அவ்வளவு பேர் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள் என்று அன்றுதான் கண்டேன். கந்தோருக்குப் போகத் தேவையில்லாத தீர்மானம் அது.

கைகள் இறங்கிய பிறகு நான் எழும்பினேன். பின்னேரம் இன்னொரு பாதை ஓட வேண்டும் என்று பிரேரிக்கிறேன் என்றேன். இந்த முறை என் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"இண்டைக்கு ஏன் புள்ள இது," என்றார் தலைவர், மெதுவாக. பிறகு கேட்டார். "ஆமோதிக்கிற ஆள்?"

ஒருவரும் அசையவில்லை. அடுத்த விசயத்துக்குப் போனார்கள்.

பாதை வரும் என்று நான் நம்பவில்லை. கடைசிக் காலத்தில் நிரோஜா அக்காவும் நம்பினாரோ தெரியாது. அவர் எனக்கு விட்டுப்போனது அந்தத் தீர்மானமும், அதைச் சொல்லிவிட்டு ஆமோதிக்க யாராவது எழும்புவார்களா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கமும்தான். அவர் திரும்பிப் பார்த்தபோது கதவடியில் நான் இருந்தேன். நான் திரும்பிப் பார்த்தபோது கதவடியில் செருப்புகள்தான் கிடந்தன.