ஓடாத லோரியின் டீசல்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்காக எங்கள் லோரிகளின் பட்டியலைத் தயாரித்தேன்: வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், குடித்த டீசல்.
2. ஒரு லோரி மிகக் குறைவாக ஓடி, மிக அதிகமாக டீசல் குடித்திருந்தது. அந்த வரிக்கு மஞ்சள் நிறம் கொடுத்து, "டீசல் எங்கே போகிறது?" என்று பக்கத்தில் எழுதினேன்.
3. மேனேஜர் அந்த லோரியின் டிரைவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்.
4. லோரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். பட்டியல் நகர நிர்வாகத்துக்குப் போய்விட்டது.
5. அதற்குப் பிறகுதான் நான் அந்த லோரியை முதல்முறையாகப் பார்த்தேன்.

தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் குப்பை அள்ளவும் சாக்கடை சுத்தம் செய்யவும் ஒப்பந்தம் எடுத்த கம்பெனி எங்களுடையது. டீசல், தண்ணீர், மின்சாரம், வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வேண்டும் என்பதை ஆண்டுக்கு ஒருமுறை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் இருந்துவிட்டு இங்கே வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. லோரிகள் நிற்கும் யார்டு அலுவலகத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. பட்டியல் போதும் என்று நினைத்தேன்.

டிரைவர் ஐம்பதை நெருங்கியவர். கடிதத்தோடு நேராக என் மேசைக்கு வந்தார்.

"வணக்கம் மேடம். டீசல் திருடன் வந்திருக்கேன்."

"அண்ணே, நான் திருடன்னு எழுதல. கேள்விதான் கேட்டேன்."

"அண்ணேலாம் வேணாம்லா. கீழ வாங்க. எப்படித் திருடுறேன்னு காட்டுறேன்."

யார்டு ஓரத்துச் சாக்கடை மூடியைத் திறந்து, லோரியின் தடித்த குழாயை உள்ளே இறக்கினார். இஞ்சினை முடுக்கினார். லோரியை ஓட்டும் அதே இஞ்சின்தான் உறிஞ்சும் பம்பையும் சுற்றுகிறது. கறுப்புச் சேறு குழாயில் ஏறியது. நாற்றம் தொண்டைவரை வந்தது. நான் மூக்கைப் பொத்தவில்லை. அவர் அதற்காகத்தான் காத்திருந்தார் என்று தெரிந்தது.

"எத்தன கிலோமீட்டர் ஓடிருக்கு, மேடம்?"

"ஓடல."

"டீசல்?"

பின்னால் குப்பை லோரிக்காரர் ஒருவர், "படிச்ச புள்ளலா, மெதுவாச் சொல்லிக் குடு" என்றார். யார்டில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள்.

என்மீது வந்த கோபத்தைவிட அவர்மீது வந்த கோபம்தான் அதிகம். தினசரிப் புத்தகத்தில் வேலை என்ற இடத்தில் எல்லா நாளும் 'லோங்காங்', அதாவது சாக்கடை, என்று ஒரே சொல்லை எழுதியிருந்தார். பம்பு ஓடிய நேரத்தை எழுதியிருக்கலாமே என்றேன்.

"பதினாறு வருசமா இதுலதான் இருக்கேன். என்னா வேலைன்னு யாரும் கேட்டதில்ல. நீங்க வந்தீங்க, டீசலக் கேட்டீங்க."

கடிதத்தைத் திரும்பப் பெறச் சொல்லி மேனேஜரிடம் போனோம். கோப்பில் ஏறிய கடிதத்தைக் கிழிக்க முடியாது, விளக்கத்தை ஏற்றுக்கொண்டோம் என்று இன்னொரு கடிதம் சேர்க்கலாம் என்றார்.

"ஃபைல யாரு படிக்கிறா?" என்றார் டிரைவர். "யார்டு முழுக்க என்னத் திருடன்றானுங்க. என் சம்பந்தியும் இங்கதான் லோரி ஓட்டுறாரு. அவரு முன்னால எப்படி சாப்புட உக்காருவேன்? விளக்கத்த ஏத்துக்கிட்டத பஞ்ச் கார்டு அடிக்கிற எடத்துல ஒட்டச் சொல்லுங்க."

அவர் போனதும் மேனேஜர் கதவைச் சாத்தினார். அப்படி ஒட்டினால் பட்டியல் முழுவதையும் நகர நிர்வாகம் சந்தேகப்படும் என்றார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் நினைவூட்டினார்.

மறுநாள் காலை நான் ஒட்டினேன். மலாயில் நான்கு வரி, டிரைவரின் முழுப் பெயரோடு: லோரியின் பம்பைக் கணக்கில் எடுக்காதது என் தவறு, டீசல் எதுவும் காணாமல் போகவில்லை. இரக்கப்பட்டுச் செய்யவில்லை. தவறு எந்த இடத்தில் பரவியதோ அந்த இடத்தில்தான் அதைத் திருத்த வேண்டும்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளுக்கு அருகில் முகத்தை வைத்து வாசித்தார். பின்னால் வரிசை நின்றது.

"எம்பேரு முழுசா இருக்கு, எங்கப்பா பேரோட. உங்களுது வெறும் கிறுக்கலு. இது என்னா மேடம், டாக்டர் எழுதுன மருந்துச் சீட்டா?"

மறுபடியும் சிரிப்பு. பேனாவை எடுத்து, கையெழுத்துக்குக் கீழே என் முழுப் பெயரையும் அப்பா பெயரையும் பெரிய எழுத்தில் எழுதினேன். அவர் கடைசி எழுத்துவரை பார்த்துவிட்டு கார்டை அடித்தார். நன்றி சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்றைய நிலை இது. தாள் இன்னும் பலகையில் இருக்கிறது. விளக்கம் கேட்ட கடிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது. லோரியை மறுபடி சேர்க்கக் கேட்டு எழுதியதற்குப் பதில் வரவில்லை. வருட முடிவுவரை அது ஓடும்; அதற்குப் பிறகு அதன் டீசலுக்குப் பணம் இல்லை. என் வேலையை நிரந்தரமாக்குவதை மூன்று மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். டிரைவர் தன் சம்பந்தியோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறார். தினசரிப் புத்தகத்தில் பம்பு ஓடிய நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதுகிறார். என்னிடம் பேசுவதில்லை.