நிகாசியா தீனி போட்ட பகை

நிகாசியா எங்கள் ஆய்வகத்துக்குக் கொலைகாரனைத் தேடிக்கொண்டு வந்தாள். தம்பி ரோகேவைப் புதைத்தபோது போட்டிருந்த கறுப்புச் சட்டையோடேயே எங்கள் ஆய்வகம் இருக்கும் கோர்தோபா நகரத்துக்குப் பஸ் ஏறியிருந்தாள். வடக்கே ஒரு மண்வீட்டில் பிறந்தவர்கள் இருவரும். கூரையிலிருந்து விழுந்து ரத்தம் குடிக்கும் விஞ்சூக்காப் பூச்சி சின்ன வயதில் ரோகேவைக் கடித்தது. அதன் கழிவிலிருந்த கிருமி அவன் இதயத்தில் குடியேறி, அதை ஊதிப் பெருக்கி, செங்கல் சுமந்துகொண்டிருந்தவனை ஒருநாள் நின்ற இடத்திலேயே சாய்த்தது. ஆஸ்பத்திரியில் முன்பே எடுத்த அவனுடைய ரத்தத்தில் ஒரு குழாய் எங்களிடம் இருந்தது; அதிலிருந்த கிருமியைக் குடுவைகளில் வளர்த்து வந்தோம்.

"எங்கய்யா அவன்? என் தம்பியைக் கொன்னவன்?" என்றாள் வாசலிலேயே.

எங்கள் தலைவர் டாக்டர் பெல்லாண்டி நல்ல மனிதர்தான், வாய்தான் நிற்காது. குடுவையை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டியதோடு விடாமல், அந்தக் கிருமிக்கு 'ரோகே' என்றே பெயர் வைத்திருப்பதையும் சொல்லித் தொலைத்தார். அது துள்ளித் துள்ளி நீந்துவதை நிகாசியா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவன் மண்ணுக்குள்ள. இது ஆட்டம் போடுது."

ஊருக்குத் திரும்பாமல் எங்களிடமே கண்ணாடிக் குடுவை கழுவும் வேலையில் சேர்ந்தாள். பிறகு கிருமிகளை வளர்க்கும் வேலைக்கு வந்தாள். அதுகளுக்குத் தீனி ஊற்றும்போதெல்லாம் ஏச்சுதான். "தின்னுடா, நல்லாத் தின்னு. அறுக்கப்போற மாட்டுக்குத்தான் நல்ல புல்லு." எனக்கு அவளைக் கண்டால் பயம். மாத்தே என்கிற இலைத் தேநீரை எல்லோரும் ஒரே குடுக்கையில் மாற்றி மாற்றிக் குடிக்கும்போது அதை அவளிடம்தான் முதலில் நீட்டுவேன்.

நகல் சங்கதியை அவளிடம் உளறியது நான்தான். மரபணு என்பது பெட்டியில் பூட்டிய மூலப்பத்திரம். செல் அதிலிருந்து ஆர்.என்.ஏ என்ற நகலை எடுத்து, வேண்டாததை வெட்டி, தலையில் ஒரு தொப்பி மாட்டி அனுப்பும். தொப்பி இல்லாத நகலைப் புரதம் செய்கிற இயந்திரம் திரும்பியும் பார்க்காது. இந்தக் கிருமி ஒரு சோம்பேறி. பல மரபணுக்களை நிறுத்தாமல் ஒரே நீள நூலாக நகலெடுத்துவிட்டுத் துண்டு துண்டாக வெட்டும். தனியாகச் செய்து வைத்த தொப்பியை ஒவ்வொரு துண்டின் தலையிலும் தைக்கும். எல்லாத் துண்டுக்கும் ஒரே மாதிரித் தொப்பி.

"அப்ப அந்தத் தைக்கிற கையை ஒடிச்சா?"

"ஒரு சேதியும் போகாது. மொத்தமும் படுத்துடும்."

"நமக்கு?"

"நம்ம உடம்புல அந்தத் தையலே கிடையாது."

அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். நல்ல சிரிப்பில்லை அது.

பெல்லாண்டி அந்தக் கையை முடக்கும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்தார். பொடி மேல் பொடியாகத் தோற்றது. நிகாசியா அவரிடம் கேட்டது ஒன்றுதான். "மருந்து பலிச்சா ரோகே குடுவையெல்லாம் நான்தான் அழிப்பேன். ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது." அவரும் தலையாட்டி வைத்தார்.

கடைசியில் ஒரு பொடி பலித்தது. வெட்டுப்படாத நூல்கள் செல்லுக்குள் தேங்கிக் கிடந்தன, ஒன்றின் தலையிலும் தொப்பி ஏறவில்லை. கிருமிகள் தளர்ந்து, சுருண்டு, ஓய்ந்தன. நாங்கள் கைதட்டினோம். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் நிகாசியா சொன்னாள்: "எந்திரிடா. எந்திரிச்சு செங்கல் தூக்குடா." கைதட்டல் நின்றுபோனது.

பெல்லாண்டி தொண்டையைச் செருமினார். "மருந்து போடாத குடுவையிலேர்ந்து ஒரு குழாயை உறைய வச்சிடும்மா. சாகாது, பிறகு எழுப்பிக்கலாம்."

"வாக்குக் குடுத்தீங்க டாக்டர்."

"விதையை எப்படி அழிக்கிறது? இந்த மருந்து ஆளுக்கு ஒத்துக்குமோ என்னமோ. அடுத்ததை எதுல சோதிக்கிறது?"

அவள் பிளீச்சிங் பாட்டிலை எடுத்துக்கொண்டு வளர்ப்பு அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். பெல்லாண்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீ போய்ப் பாரேன்" என்று என்னைத் தள்ளினார். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன்.

பாட்டில் மூடிகூடத் திறக்காமல் மேசையில் இருந்தது. உறைய வைக்கும் நைட்ரஜன் தொட்டியிலிருந்து வெள்ளைப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. குழாய் குழாயாக அவள் உள்ளே இறக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் 'ரோகே' என்று அவள் கையெழுத்து.

"ஒண்ணுதானே கேட்டாரு?"

"அவருக்கு ஒண்ணு போதும். என் தம்பியை நான் தெனம் தெனம் புதைக்கிறேன். இவன் மட்டும் ஒரே தடவை செத்துட்டுப் போயிடுவானா? ஒவ்வொரு மருந்துக்கும் எழுப்புவேன். தீனி போடுவேன். தொப்பியைப் பிடுங்குவேன்."

தொட்டியின் மூடியை அழுத்திப் பூட்டினாள்.

"தூங்குடா. கூப்பிடறேன்."