காட்டிக் கொடுத்தவன் வேடம்

இங்கிலாந்தின் ராதரம் ஊரில் ஓர் உருக்காலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த வில்ஃப் கார்சைடுக்கு நாற்பதைத் தாண்டிய பிறகுதான் தொலைக்காட்சியில் வாய்ப்பு வந்தது. தொழிலாளர் கிளப் மேடையில் அவன் மேஸ்திரிகளைப் போல நடித்துக் காட்டுவதை யாரோ பார்த்துவிட்டு லண்டனுக்குக் கூப்பிட்டார்கள். கொடுத்ததெல்லாம் திருடன், கொலைகாரன், குடிகாரன், கதவைத் தட்டும் போலீஸ்காரன் வேடங்கள். அலுத்துப்போய்த் தானே ஒரு நாடகம் எழுதினான்.

எழுதியது ஊரறிந்த ஒரு விஷயத்தைப் பற்றி. ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர்கள் கூடிப் பேசியதெல்லாம் உடனுக்குடன் நிர்வாகத்தின் காதுக்குப் போனது. வேலைநிறுத்தம் தோற்றது. போட்டுக் கொடுத்தவன் யாரென்று தெரியவே இல்லை. நாடகத்தில் அவனாக வில்ஃபே நடித்தான். நல்ல வேடத்தை இன்னொருவனுக்கு விட மனம் வரவில்லை.

நன்றாகவே நடித்தான். அதுதான் வினையாயிற்று.

நாடகம் தொலைக்காட்சியில் வந்த மறுநாள் அவன் கிளப்பில் நுழைந்ததும் பேச்சு நின்றது. டாமினோ ஆடிக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளி ஹெட்லி தலை நிமிராமலே சொன்னான்: "என்னமா நடிச்சிருக்க. செஞ்சு பாக்காதவனுக்கு அது வருமாப்பா?"

"போன வருஷம் கொலைகாரனா நடிச்சேனே, யாரக் கொன்னேன்?"

யாரும் சிரிக்கவில்லை.

வீட்டில் மனைவி நோரீன் தேநீரை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். "ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேக்காத, நோரீன்."

அவள் கேட்கவில்லை. அவனும் ‘அது நான் இல்லை’ என்று சொல்லவில்லை. கூட வாழ்ந்தவளுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா என்ற வீம்பு.

லண்டனிலிருந்து வேடங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் துரோகி வேடங்கள். கிளப்பில் அவன் மேஜைப் பக்கம் யாரும் வருவதில்லை. அவன் கிரேனுக்குக் கீழே நின்று பல காலம் சுமைகளுக்குச் சங்கிலி மாட்டிய ரே ஸ்டேனிலண்ட் மட்டும் ஒருநாள் இரண்டு பியரோடு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"அவனுங்க கெடக்கிறானுங்க. அது நீ இல்ல, வில்ஃப்."

"அப்படி நெனைக்கிறியா, இல்ல தெரியுமா?"

"தெரியும்டா. சத்தியமா நீ இல்ல."

கிளாஸைத் தூக்கிய வில்ஃபின் கை பாதியில் நின்றது. கட்டினவளுக்கே இல்லாத உறுதி இவனுக்கு எங்கிருந்து வந்தது? அவ்வளவு நிச்சயமாகச் சொல்லக்கூடியவன் ஊரில் ஒருவன்தான் இருக்க முடியும். ரே தன் பியரின் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் பொண்ணு எப்படி இருக்கா, ரே?" என்றான் வில்ஃப்.

அதற்குப் பிறகு எத்தனையோ நாடகங்கள் எழுதினான். வேலைநிறுத்தத்தை மட்டும் தொடவில்லை. ஊர் கடைசிவரை அவனைத்தான் சந்தேகப்பட்டது. ரே வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்தான். வில்ஃப் அவனை வரவேண்டாமென்று சொன்னதில்லை. அவன் எதிரில் ஆலைப் பேச்சை எடுத்ததும் இல்லை.