புள்ளியில்லாத சூரியன்

நிலாவெளி தாண்டும்போது இடது செருப்பின் வார் அறுந்தது. ஒற்றைச் செருப்போடு நடப்பதைவிட வெறுங்காலோடு நடப்பது சுகம் என்று நூறு அடிக்குள் தெரிந்துவிட்டது. இரண்டையும் வேலியோரம் எறிந்துவிட்டு வடக்கே நடந்தேன். வயது பதின்மூன்று. பின்னால், எங்கள் ஊர் சல்லியில் அம்மா அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகையில் என் பங்கு எவ்வளவு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் தினமும் சூரியனைப் படம் வரைவார்கள். வரைவது சித்தி. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளிகள் போதாமல், திருகோணமலையில் ஒரு மருந்துக் கடையில் நின்றவர். காலை எட்டு மணிக்கு, ஒரு பக்கம் உடைந்த பைனாக்குலரைக் கதிரையில் கட்டிச் சூரியனைக் கொப்பியின் வெள்ளைத் தாளில் விழுத்துவார். வட்டத்துக்குள் தெரியும் கரும்புள்ளிகளைப் பென்சிலால் குறித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்.

இதனால் பயன் அடைந்தவர் அம்மா. அப்பா ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகில் வேலை. படகோடு கதைக்க முதலாளி தந்த றேடியோ செட் குசினி மூலையில் இருந்தது. சில பகல்களில் அது திடீரென்று ஊமையாகிவிடும். அம்மா பதறுவார். சித்தி கொப்பியை விரிப்பார்.

"இஞ்ச பாருங்கோ அக்கா, இந்தப் புள்ளிக் கூட்டம்தான் வெடிச்சிருக்கு. அங்க சுவாலை எழும்பி எட்டு நிமிசத்தில இஞ்ச றேடியோ செத்துப்போச்சு. படகுக்கு ஒண்டுமில்லை. கொஞ்ச நேரத்தில அத்தான் கதைப்பார்."

அத்தான் கதைப்பார். கதைத்து மீன் விலை கேட்பார்.

மற்ற நட்சத்திரங்களும் இப்படி வெடிக்குமா என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓம், இதைவிட மோசமா. ஆனா அதுகளிண்ட முகம் பாக்க ஏலாது. வெளிச்சம் சட்டெண்டு கூடிக் குறையிறதை வச்சு ஊகிக்கிறதுதான். முகத்தைக் காட்டிப்போட்டு வெடிக்கிறது இது ஒண்டுதான்."

பெரிய மாமாவின் அறுவடைக்காகச் சித்தி ஒரு கிழமை கிளிவெட்டிக்குப் போனார். கொப்பி என்னிடம் வந்தது. "முகில் எண்டா முகில் எண்டு எழுது. பாக்காட்டிப் பாக்கேல்லை எண்டு எழுது. விளங்குதோ?"

முதல் நாள் பார்த்தேன். ஒரு புள்ளியும் இல்லை. வெறும் வட்டம். அன்று பின்னேரமே பைனாக்குலரைக் கொண்டுபோய்க் கற்பாறையில் ஏறி நின்று, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பார்த்தேன். அது கை நழுவிக் கடலில் விழுந்தது. இரண்டு தரம் மூழ்கித் தேடினேன். கிடைக்கவில்லை. அடுத்த நாலு காலையும் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வெறும் வட்டம் போட்டேன். வெறும் வட்டத்தால் யாருக்கு என்ன கேடு வரப்போகிறது?

ஐந்தாம் நாள் பதினொரு மணிக்குச் செட் ஊமையானது. முந்தின இரவுதான் எஞ்சின் சரியில்லை என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்து, கொப்பியைத் தானே எடுத்துப் புரட்டினார்.

"ஒண்டுமில்லையேடா! சூரியன் வெறுமையா எல்லோ கிடக்கு! அப்ப படகுக்குத்தான் ஏதோ!"

சித்திக்குத் தொலைபேசி எடுத்தார். சித்தி என்னைக் கேட்டார்.

"ஓரத்திலயும் ஒண்டும் இல்லையோ? வடிவாப் பாத்தனியே?"

"பாத்தனான் சித்தி."

அந்தப் பக்கம் நெல் அடிக்கும் இயந்திரச் சத்தத்துக்கு மேலால், "எண்டா எனக்குத் தெரியேல்லை. அக்காட்டக் குடு" என்றார். தெரியவில்லை என்று சித்தி சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா தொலைபேசியோடு நிலத்தில் இருந்துகொண்டு அழத் தொடங்கினார். உண்மையைச் சொல்ல ஒரு வசனம் போதும். நான் படலையைத் திறந்து வெளியே வந்தேன்.

இறக்கக்கண்டிக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கடற்கரையில் கருவாட்டு முதலாளி ஒருவர் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரு மகன்? காலெல்லாம் வெந்துபோய்க் கிடக்கு."

"சல்லி. பள்ளிக்கூடம் லீவு. வேலை தேடி வந்தனான்."

"சல்லியா? உங்கட ஊர்ப் போட்டுக்காரன் ஒருத்தன் மத்தியானம் செட்டில கத்தின கத்து! பகல் ஒரு மணித்தியாலம் எல்லாச் செட்டும் செத்துக் கிடந்தது. உயிர் வந்ததும் தொடங்கிட்டான். எஞ்சின் பழுதாம், திரும்பி வாறானாம், அதுக்குள்ள மீன் விலை வேற கேக்கிறான்."

அப்பாதான். சந்தேகமே இல்லை. அப்படியென்றால் அன்று சூரியனில் புள்ளி இருந்திருக்கிறது.

பஸ்ஸுக்குக் காசு தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்பாவின் குரல் வந்துவிட்டது, இனி வீட்டில் யாரும் அழமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு சாக்குகளின்மேல் படுத்தேன். அந்த வீட்டில் அன்று இன்னொரு குரலும் கேட்காமல் போயிருந்தது. அதற்கு அம்மா எந்தக் கொப்பியைப் புரட்டுவார் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கருவாடு புரட்டும் வேலையில் சேர்ந்தேன். முதலாளி கையில் ஒரு தடியைத் தந்தார்.

"காகத்தைக் கலை. வெயிலப் பாத்துக்கொண்டு நில்லு மகன். முகில் மூடினா உடன சொல்லு."