விளக்கு வைக்கும் நேரத்துக் கண்

துபாயில் வேலை முடிந்து என் கணவர் அறைக்குத் திரும்பும் நேரமும், திருச்சுழிப் பக்கம் எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் அங்கே கிரேன் ஓட்டுகிறார். சட்டையைக்கூடக் கழற்றாமல் போனில் முகத்தைக் காட்டுவார். நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய தடம் சிவப்பாக இருக்கும். அந்தத் தடத்தைப் பார்க்கத்தான் பகல் முழுவதும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை லீவில் வருகிற ஆளோடு வேறு எப்படிக் குடும்பம் நடத்துவது?

போன கோடையில் அந்தக் குடும்பத்துக்கும் கேடு வந்தது, என் கண்ணால்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றுகிறேன். தறியில் ஓடுவதற்கு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுக்கிற வேலை. கூடம் முழுக்கப் பஞ்சுத் தூசி பறக்கும். வேலை விட்டால் பஸ்ஸில் ஜன்னலோரம், முகத்தில் அனல் காற்று. வீட்டுக்கு வந்து சேரும்போது கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். அப்புறம் தண்ணீர் ஊற்றும். சரியாக அந்த நேரத்தில்தான் போன் அடிக்கும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுப் பெண் கண்ணீர் விட்டால் வெளியூரில் இருப்பவருக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என் மாமியாருக்கு அது நம்பிக்கை இல்லை, சட்டம்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல கண்ணக் கசக்காதத்தா. எம் மகன் கடலு தாண்டிக் கெடக்கான்."

"நான் அழுகலத்தே. கண்ணு தானா ஊத்துது."

"தானா ஊத்துறதுக்கு அது என்ன தெருக்கொழாயா?"

என் கணவராவது நம்பினாரா என்றால் அவரும் நம்பவில்லை. தாய்க்கேற்ற பிள்ளை. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "நீ தெனமும் அழுகுற. மறுநா நான் கிரேன்ல ஏறி ஒக்காந்தா ஒன் மொகந்தான் நிக்குது, கையி ஓடல. இனிமே பேசிக்கிருவோம். மொகத்தக் காட்ட வேணாம்."

மறுநாளிலிருந்து குரல் மட்டும் வந்தது. அது போதாது என்பதை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. "சாப்பிட்டேன்" என்பார். முகத்தைப் பார்த்தால் பொய்யா நிஜமா என்று தெரியும், குரலில் எதுவும் தெரியவில்லை. சவரம் செய்திருக்கிறாரா, இளைத்துவிட்டாரா, ஒன்றும் தெரியாது. பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு ஏக்கமாக இருந்தது. இந்தக் கண்ணைச் சரிசெய்தால்தான் அவரைப் பார்க்க முடியும் என்று புரிந்தது.

எங்கள் ஊரில் கண் சிவந்தால் யாரும் முதலில் ஆஸ்பத்திரியைத் தேடுவதில்லை, கைக்குழந்தைக்காரியைத் தேடுவார்கள். தாய்ப்பால் விட்டால் கண் குளிர்ந்துவிடும் என்பார்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவள் மனசாரக் கொடுத்தாள், நானும் இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டேன். விட்ட நேரத்துக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துக் காலையில் எழுந்தால் இமை திறக்கவில்லை. மஞ்சளாகப் பீளை கட்டி, இரண்டு கண்ணும் ஒட்டிக்கிடந்தன. மாமியாரே பயந்துபோய் என்னைக் கையைப் பிடித்துக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏற்றினார்.

கண் டாக்டரம்மாவுக்கு வயசு குறைவு, கோபம் அதிகம். பால் விட்ட கதையைக் கேட்டதும், "பச்சக் கொழந்த குடிக்கிறத எதுக்கும்மா கண்ணுல ஊத்துறீங்க?" என்று கேட்டார். பீளை, கிருமியால் வந்ததாம், அதற்குத் தனி மருந்து. அது அடங்கிய பிறகு வரச் சொல்லி மறுபடி பார்த்தார். அரிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். உறுத்துகிறதா, சாயங்காலம் ஆக ஆகக் கூடுகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கீழிமைக்குள் மெல்லிய தாள் துண்டைச் செருகிக் காத்திருந்துவிட்டு, அது எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று பார்த்தார்.

"ஒங்க கண்ணு வறண்டு போயிருக்கு."

எனக்கு எரிச்சலாக வந்தது. "தண்ணியா ஊத்துது, வறண்டுருக்குன்னு சொல்றீகளே?"

"வறண்டு உறுத்துறதாலதான் ஊத்துது. ஊத்துறது கண்ணுல நிக்காது, கன்னத்துல ஓடிரும். உங்க ஊருக் கம்மா உடைஞ்சு தண்ணி ஓடுனா வயலுக்கு ஆகுமா?"

இது புரிந்தது. கண்ணீர் போலவே இருக்கும் சொட்டு மருந்தை ஒருநாளைக்கு நான்கு தடவை விடச் சொன்னார். வெதுவெதுப்பான துணியால் இமைக்கு ஒத்தடம், கூடத்தில் தூசி புகாத கண்ணாடி, பஸ்ஸில் ஜன்னலோரம் கூடாது, இமையை முழுசாக மூடித் திறக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு தார் சுற்றப் போன முதல் நாள், "ஏத்தா, பைக்க எங்க நிப்பாட்டியிருக்க?" என்று கூடமே சிரித்தது. சிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் மாமியாரையே போனில் சாட்சி சொல்ல வைத்தேன். "அது அழுக இல்லய்யா, சீக்குதானாம். டாக்டரே சொல்லிருச்சு" என்றார். பிறகு அவர் முகம் வந்தது. இளைத்திருந்தார். தாடியில் வெள்ளை முடி எட்டிப் பார்த்தது. நெற்றித் தடம் அப்படியே இருந்தது. எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"மருந்து விட்டியா?" என்றார்.

"இந்தா, விடப் போறேன்" என்றேன்.

மழைக்காலம் வந்ததும் உறுத்தல் மெல்லக் குறைந்தது. பொங்கலுக்கு அவர் வருவதாக இருந்தது. மார்கழியில் ஒரு சாயங்காலம், லீவு இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அடக்க முடியவில்லை. அவர் முகம் மாறிற்று, கை போனை அணைக்க வருவது தெரிந்தது.

ஏற்றிய விளக்கைக் கையில் வைத்துக்கொண்டே மாமியார் குறுக்கே வந்து போனுக்குள் தலையை நீட்டினார். "அவ இப்பத்தான்யா மருந்து விட்டா, அதான் ஊத்துது. நீ போன வச்சுறாத. பேசு."

அவர் பேசினார். நான் ஆசை தீர அழுதுகொண்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மருந்து தீர்ந்து வெகுநாளாகியிருந்தது. காலிப் புட்டியைக் குப்பையில் போட்டதே மாமியார்தான்.