நடுவர் நிரசாவா சொன்ன ‘யெஸ்’

மல்யுத்தம் பார்க்க வருகிற கூட்டத்தில் நடுவரைப் பார்க்க வந்தவன் என்று ஒருவனும் இருக்க மாட்டான். நிரசாவாவுக்கு அது நன்றாகவே தெரியும். கோடு போட்ட சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக, விழுந்து தரையைத் தட்டி மூன்று எண்ணுகிற மனிதர். ஜப்பானில் செய்ரான் என்ற மல்யுத்தக் கம்பெனியின் மேடையில் பாதி ஆயுளை மண்டியிட்டே கழித்தவர். வீரனாகத்தான் உள்ளே வந்தார். உயரம் போதவில்லை, முழங்கால் இரண்டும் சீக்கிரமே கெட்டுப்போயின. துரத்திவிடாமல் ஒரு சட்டையைக் கொடுத்தார்கள், போட்டுக்கொண்டார்.

அவருடைய உண்மையான வேலை எண்ணுவதல்ல. யார் ஜெயிப்பது என்பது உடை மாற்றும் அறையிலேயே முடிவாகிவிடும். அதைப் பற்றி அந்தத் தொழிலில் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் தலைகீழாகத் தூக்கிப் போட்டவனின் கழுத்து எப்படி விழும் என்பதை எந்தக் கொம்பனும் முன்கூட்டி முடிவு செய்ய முடியாது. விழுந்தவன் எழ நேரமானால் நிரசாவா பக்கத்தில் மண்டியிட்டு, தோள் தரையில் படுகிறதா என்று பார்ப்பதுபோல் அவன் கையைப் பிடிப்பார். அவன் ஒரு தடவை அழுத்தினால் ‘இருக்கேன், போகலாம்’ என்று அர்த்தம். அழுத்தாவிட்டால் நிரசாவா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடிப்பார், மணி அடித்து ஆட்டம் நின்றுவிடும். முதலாளியே கீழே நின்று கத்தினாலும் அடித்தது அடித்ததுதான். அந்த ஒரு அதிகாரத்துக்காகத்தான் அவர் அந்தச் சட்டையை மதித்தார்.

குசகாபேயும் அவரும் ஒரே வருஷம் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தவர்கள். மூத்தவர்களுக்கு முதுகு தேய்த்துவிட்டு, பானை பானையாகக் கறிக்குழம்பு கிண்டி, அடியில் மிஞ்சியதைப் பங்கு போட்டுத் தின்றவர்கள். குசகாபே பெரிய வீரனானான். கழுத்துதான் அவனுக்கு எமன். காலையில் எழுந்தால் சட்டைப் பொத்தானைப் போட விரல் வராது. அதை வெளியில் சொல்ல மாட்டான். உரலில் தலையைக் கொடுத்தபின் உலக்கைக்குப் பயந்தால் முடியுமா?

கம்பெனி அமெரிக்காவுக்குப் போவதென்று முடிவானபோது குசகாபேயின் பெயர்தான் விளம்பரத்தில் முதலில் வந்தது. புது நிர்வாகி ஷிமோயாமா, கோட்டுப் போட்ட இளைஞர், எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

“இங்க இருக்கிற குளம் வத்திக்கிட்டு வருது. நம்ம நல்ல பசங்களையெல்லாம் அமெரிக்காக்காரன் விலைக்கு வாங்கிட்டுப் போறான். இனிமே நாமதான் அங்க போயி வலை போடணும்.”

குசகாபேயின் மனைவி மிசுஎ மதிய உணவுப் பொட்டலக் கடை வைத்திருந்தாள். புறப்படுகிற அன்று சோற்று உருண்டைகளைக் கட்டிக்கொண்டு வந்து, கணவனிடம் கொடுக்காமல் நிரசாவாவிடம் கொடுத்தாள்.

“நிரசாவா சான், அவரு செத்தாலும் வலிக்குதுன்னு சொல்ல மாட்டாரு. உங்களுக்கு அவரு கை தெரியும். ஏதாவது ஒண்ணுன்னா நீங்க நிறுத்திடணும். கம்பெனிக்காரங்க என்ன சொன்னாலும் சரி.”

“நிறுத்திடுவேன்மா” என்றார் நிரசாவா. அது அவருக்கு ஒரு பெரிய வாக்காகவே தோன்றவில்லை. காலமெல்லாம் செய்கிற வேலைதானே.

மொழிபெயர்ப்பாளர் வைக்கக் கம்பெனிக்கு மனம் வரவில்லை. ஜப்பானுக்கு வந்துபோன அமெரிக்க வீரர்களோடு பேருந்தில் சுற்றி நிரசாவா கொஞ்சம் இங்கிலீஷ் பொறுக்கி வைத்திருந்தார், பெரும்பாலும் கெட்ட வார்த்தைகள். அதுவே போதும் என்றார்கள். மனுஷனுக்கு உள்ளூரப் பெருமைதான், மறைத்தாலும் முகத்தில் தெரிந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் ஓரத்தில் ஓர் உணவகத்தில் காலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவரும் குசகாபேயும், எதிரில் அன்று குசகாபேயோடு மோதப்போகிற கார்வர் என்ற அமெரிக்க இளைஞனும். கார்வர் நல்ல பையன், பொடியனாக இருந்தபோதே குசகாபேயின் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன். பரிமாறுகிற அம்மாள் கேத்தலோடு வந்து நிரசாவாவிடம், “உங்களுக்குக் காபி வேண்டாமா?” என்று கேட்டாள்.

“யெஸ்” என்றார் நிரசாவா, பணிவாக.

ஊற்றிவிட்டுப் போனாள். அவருக்குக் காபியே ஆகாது. இருந்தாலும் ஊற்றியதை வீணாக்கக் கூடாதென்று முகத்தைச் சுளித்துக் குடித்தார். மறுபடி வந்தாள். “இன்னும் வேண்டாமா?” “யெஸ்.” மறுபடி கோப்பை நிறைந்தது.

குசகாபேக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “டேய், உன் இங்கிலீஷ் பிரமாதம்டா. வேண்டாங்கிறதெல்லாம் தேடி வருது!”

“அந்தம்மாவுக்குக் காது மந்தம்” என்றார் நிரசாவா.

காது மந்தமெல்லாம் இல்லை. ‘சாப்பிடலையா?’ என்று கேட்டால் சாப்பிடாதவன் ‘ஆமா’ என்பான். ஜப்பானிலும் அப்படித்தான், நம் ஊரிலும் அப்படித்தான். அமெரிக்கனிடம் அது செல்லாது. நீ எப்படிக் கேட்டாலும் அவனுக்கு ‘யெஸ்’ என்றால் வேண்டும், ‘நோ’ என்றால் வேண்டாம். இதை யாராவது அந்தக் காபி மேசையிலேயே நிரசாவாவுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரிந்த ஆள் அங்கே இல்லை, காசு மிச்சமென்று கம்பெனி வைக்காமல் விட்ட மொழிபெயர்ப்பாளன்தான் அந்த ஆள்.

அரங்கத்துக்குப் போனதும் ஷிமோயாமா அவரைத் தனியாக அழைத்தார்.

“இங்க நடுவர் ஆட்டத்தை நிறுத்த முடியாது, நிரசாவா சான். உள்ளூர் டாக்டர் ஒருத்தர் மேடையோரத்துல இருப்பாரு. அவர் சொன்னாத்தான் மணி அடிப்பாங்க.”

“அவருக்குக் கையப் பிடிச்சுப் பாக்கத் தெரியுமா?”

“நீங்க பாருங்க. பாத்துட்டு அவர்கிட்ட சொல்லுங்க. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வருமே.”

அது சரிதான் என்று நிரசாவாவும் நினைத்தார்.

ஆட்டம் நன்றாகவே போனது. கூட்டம் குசகாபேயின் பெயரைக் கன்னாபின்னாவென்று உச்சரித்துக் கத்தியது. கார்வர் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டித் தூக்கிப் பின்பக்கமாக வீசினான். குசகாபேயின் வியர்வை உடம்பு பாதியில் வழுக்கி, முதுகு விழ வேண்டிய இடத்தில் தலை விழுந்தது. அந்தச் சத்தத்தை நிரசாவா அதுவரை கேட்டதில்லை.

ஓடிப்போய் மண்டியிட்டுக் கையைப் பிடித்தார். அழுத்தம் இல்லை. இன்னொரு கையைப் பிடித்தார். அதிலும் இல்லை.

“டேய், குசகாபே.”

“என் கை எங்கடா இருக்கு?” என்றான் குசகாபே, மெதுவாக.

நிரசாவா தலைக்கு மேல் கைகளைக் குறுக்காகப் பிடித்தார். மணிக்காரன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் ஏறி வருவதற்குள் குசகாபே, பாழாய்ப்போன பழக்கம், கால்களை மட்டும் ஊன்றி எழுந்து கயிற்றில் சாய்ந்துவிட்டான். கைகள் இரண்டும் சும்மா தொங்கின. எல்லாம் நாடகத்தின் பகுதியென்று கூட்டம் கூரை பிய்ந்து போகிற மாதிரி ஆர்ப்பரித்தது. அந்த இரைச்சலில் டாக்டர் கயிற்றுக்கு வெளியே நின்று நிரசாவாவிடம் கத்தினார்.

“அவருக்குக் கையில உணர்ச்சி இல்லையா?”

“யெஸ்!”

“ஆட்டத்தத் தொடர முடியாதா?”

“யெஸ்! யெஸ்!” நெஞ்சிலிருந்த மூச்சையெல்லாம் கூட்டிச் சொன்னார் நிரசாவா.

டாக்டர் நிற்கிற மனிதனை ஒரு பார்வை பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு இறங்கி, ‘போகட்டும்’ என்று கையை வீசினார்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்து நிரசாவாவுக்கு உயிர் வந்தது. சொல்லிவிட்டோம், அன்னிய தேசத்தில் அன்னிய மொழியில் தெளிவாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தார். மணி மேசையின் பக்கம் திரும்பிச் சத்தத்துக்காகக் காத்து நின்றார். மணி அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று யோசிப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் மேடை அதிர்ந்தது. டாக்டரின் கைவீச்சைப் பார்த்த கார்வர், சொல்லிக்கொடுத்தபடியே ஓடிவந்து நீட்டிய கையால் கழுத்தில் அடித்திருந்தான். தடுக்கக் குசகாபேயிடம் கை இல்லை.

ஆஸ்பத்திரியில் ஜப்பானிய வம்சத்து நர்ஸ் ஒருத்தி இருந்தாள். மேடையோர டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: “நீங்க யெஸ்னு சொன்னீங்களாமே?”

“யெஸ்னுதாம்மா சொன்னேன்! தொடர முடியாதான்னு கேட்டாரு. யெஸ், முடியாதுன்னேன்!”

அவள் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாக விளக்கினாள். நிரசாவா சுவரோரம் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஷிமோயாமாவிடம் நிரசாவா எதையும் ஒளிக்கவில்லை. ஷிமோயாமா கதவைச் சாத்திவிட்டு வந்தார். “இது நம்மோட போகட்டும். மொழி தெரியாத நடுவரை வெச்சோம்னு தெரிஞ்சா நமக்கு இங்க கதவே திறக்காது. டாக்டர் கேக்கலைன்னு மட்டும் சொல்லுவோம்.” கம்பெனி கொள்ளையடித்ததா என்று கேட்டால் இல்லை, ஆஸ்பத்திரிச் செலவையெல்லாம் கொடுத்தது. ஆனால் அடுத்த அமெரிக்க ஆட்டத்துக்குக் குசகாபேயின் படத்தைப் பெரிதாகப் போட்டு, ‘இவருக்காக’ என்று எழுதினார்கள். ஓர் இருக்கைகூட மிஞ்சவில்லை. குளத்தைவிட்டுக் கடலுக்கு வந்தாயிற்று.

குசகாபேயை ஜப்பானுக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிரசாவாவுக்குப் பார்க்கப் போகத் தைரியம் வந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அவனுக்குச் சொந்தமில்லை. மிசுஎ கட்டிலருகில் பேரிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து இடுப்பு மடியக் குனிந்து வணங்கினாள்.

“நீங்க நிறுத்தத்தான் சொன்னீங்களாம். அந்த டாக்டர் காதுல வாங்கலையாம். கம்பெனியில சொன்னாங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, நிரசாவா சான்.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இது தாங்கவில்லை.

குசகாபே கூரையைப் பார்த்தபடி கிடந்தான். “டேய், நீ திரும்பி நின்னுக்கிட்டிருந்த. உன் முதுகுதான் எனக்குக் கடைசியாத் தெரிஞ்சது. படுத்துக்கிட்டே யோசிக்கிறேன், ஒண்ணும் விளங்கல. நீ நிறுத்தலையா?”

டாக்டர், கூட்டத்தின் இரைச்சல், அந்த ஊர்ச் சட்டம், காபி ஊற்றிய அம்மாள், எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. ஒவ்வொன்றும் உண்மைதான். நிரசாவா விழுங்கிக்கொண்டார்.

“ஆமா” என்றார்.

அந்த அறையில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. மிசுஎயின் கத்தி பேரிக்காயிலேயே நின்றது. அவள் தட்டை வைத்துவிட்டு, முகத்தைக் காட்டாமல் வெளியே போனாள்.

குசகாபே கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தான்.

“மூக்கு அரிக்குது” என்றான் பிறகு.

நிரசாவா குனிந்து விரலால் மெல்லத் தொட்டார்.

“என்னடா தடவுற?” என்றான் குசகாபே. “அழுத்து.”